ஏடு காத்த கைகள் – 7: தேம்ஸ் கரையிலிருந்து ஆர்னோ கரைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் லண்டன் மாநகரத்துப் புத்தகக் கட்டடத் தொழில் எவ்வாறு இரண்டாகப் பிளந்து நின்றது என்பதைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். துணி போர்த்திய அட்டைகளை ஆயிரக்கணக்கில் தனியே செய்து குவித்து, தைத்த காகிதக் கட்டைப் பசை தடவி அவற்றுக்குள் ஒட்டிவிடும் மலிவான முறை ஒருபுறம் வளர்ந்தது. பிரபுக்களின் நூல்நிலையங்களுக்காகத் தோலும் தங்க ரேக்குமாக இழைத்த விலையுயர்ந்த வேலைப்பாடு மறுபுறம் எஞ்சி நின்றது. அந்த இரண்டாவது வகையும், கையால் செய்யப்பட்டதே ஆயினும், ஒரே கையால் செய்யப்பட்டதன்று. தாள்களை மடிப்பதும் தைப்பதும் பெண்களின் பங்கு. அட்டை பூட்டி, முதுகை வளைத்து, தோல் போர்த்துவது ஓர் ஆணின் பங்கு. அந்தத் தோலின்மேல் சூடேற்றிய கருவிகளால் ரேக்கு பதிப்பது இன்னோர் ஆணின் பங்கு. இவ்வாறு பிரித்துப் பிரித்துச் செய்ததன் பயனாக, தையலில் தொடங்கி அலங்காரத்தில் முடியும் வரை ஒரு நூலின் தேகம் முழுவதையும் அறிந்த தொழிலாளி அருகிப் போனான். பழைய பிரெஞ்சு, இத்தாலிய அலங்காரங்களைப் பார்த்துப் பார்த்து மீண்டும் பதிப்பதே உயர்ந்த கலை என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது.

இந்நிலையில் இத்தொழிலுக்குள் புகுந்து அதன் போக்கையே மாற்றியவர், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். சட்டம் பயின்ற பாரிஸ்டர். தாமஸ் ஜேம்ஸ் சாண்டர்சன் என்பது அவருடைய இயற்பெயர். பெரும் அரசியல்வாதியான ரிச்சர்ட் காப்டனின் மகள் ஆனியை 1882-இல் மணந்தபோது, மனைவி கணவன் பெயரை ஏற்கும் சம்பிரதாயம் ஒருதலைப்பட்சமானது என்று கருதி, இருவருமே காப்டன்-சாண்டர்சன் என்று தம் பெயரை அமைத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டாமல், கையால் ஏதேனும் செய்து பிழைக்க வேண்டும் என்ற வேட்கையுடன் அவர் அலைந்துகொண்டிருந்த காலம் அது. 1883 ஜூன் மாதத்தில் கவிஞர் வில்லியம் மாரிஸின் இல்லத்தில் நடந்த ஒரு விருந்தின்போது, மாரிஸின் மனைவி ஜேன், புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றுக்கொள்ளலாமே என்று அவரிடம் யோசனை கூறினார். பேச்சுவாக்கில் சொன்ன அந்தச் சொல்லை அவர் வேத வாக்காகக் கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 42. பிள்ளைகள் பன்னிரண்டு பதினான்கு வயதில் பட்டறைக்குப் போய்க் கற்கும் தொழிலை, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ரோஜர் டி கவர்லி என்ற தேர்ந்த கட்டடக்காரரிடம் சில மாதங்கள் பயின்று, மறு ஆண்டே தமக்கென ஒரு சிறு பட்டறையையும் அமைத்துவிட்டார். ஆனி அம்மையார் தையலைக் கற்றுக் கணவருக்குத் தைத்துக் கொடுத்தார்.

காப்டன்-சாண்டர்சனின் கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் ரேக்கு வேலையையே புகழ்வார்கள். அது புகழத் தக்கதுதான். சிறு பூ, இலை, நட்சத்திரம் முதலிய சில கருவிகளைத் தாமே வரைந்து வார்ப்பித்துக்கொண்டு, அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, பழைய நூற்றாண்டு எதற்கும் கடன்படாத கோலங்களை அவர் உண்டாக்கினார். ஆயினும் அவர் செய்த புரட்சி அலங்காரத்துக்கு முந்திய படியிலேயே தொடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். மடிப்புகளை அடுக்குவது முதல் கடைசிப் புள்ளி பதிப்பது வரை ஒரே மனிதர் ஒரே நூலோடு வாழ வேண்டும் என்று அவர் விதித்துக்கொண்ட நியமமே, பிற்காலத்தில் விளைந்த அத்தனைக்கும் வித்தாக அமைந்தது.

1893-இல் தேம்ஸ் நதிக்கரையில், ஹாமர்ஸ்மித் பகுதியில், டவ்ஸ் கட்டடச் சாலையை அவர் நிறுவினார். அதற்குப் பிறகு தாம் கட்டுவதை விட்டு, வடிவம் வரைந்து கொடுத்துப் பிறரைக்கொண்டு செய்விக்கும் ஆசானாக மாறினார். மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் 1896-இல் வெளியிட்ட சாசரின் பெருநூலுக்கு, மாரிஸே வகுத்த வடிவத்தில் வெண்ணிறப் பன்றித்தோல் கட்டடம் அணிவிக்கப்பட்ட 48 பிரதிகளும் இச்சாலையில் உருவானவையே. காப்டன்-சாண்டர்சனே பின்னர் நிறுவிய அச்சகமும், அதன் அழகிய எழுத்துகள் கூட்டாளியின் கைக்குப் போய்விடக் கூடாது என்று முதுமையில் இரவிரவாகச் சுமந்துபோய்த் தேம்ஸ் நதியில் அவற்றை வீசிய கதையும் உலகறிந்தவை. இத்தொடருக்கு அவை புறம்பானவை. எழுத்துகளை நதியிடம் கொடுத்தவர், கட்டடக் கலையை மட்டும் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஒரு மாணவரிடம் கொடுத்தார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அந்த மாணவர் டக்ளஸ் காக்கரல். டவ்ஸ் சாலை தொடங்கிய ஆண்டிலேயே அங்கே தொழில் பழகச் சேர்ந்த அவர், சில ஆண்டுகளில் வெளியேறித் தனிப் பட்டறை அமைத்ததோடு, லண்டன் நகர நிர்வாக சபை 1896-இல் தொடங்கிய மத்திய கலைத்தொழில் பள்ளியில் மாணவர்களுக்குக் கட்டடக் கலை கற்பிக்கவும் முன்வந்தார். ஆசானுக்கும் மாணவருக்கும் சுபாவத்தில் பெரிய வேற்றுமை இருந்தது. காப்டன்-சாண்டர்சன் ஒரு நூலைக் கட்டுவதைப் பிரபஞ்ச ஒழுங்கின் ஓர் அம்சமாகவே கண்ட தத்துவவாதி. காக்கரலோ பசையின் பதம், நூலிழையின் பருமன், தோலைச் சீவும் கத்தியின் கோணம் ஆகியவற்றை ஐயந்திரிபற எழுதிவைத்து, யார் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர். 1901-இல் அவர் வெளியிட்ட 'புத்தகக் கட்டடமும் நூல்களைப் பேணுதலும்' என்னும் கைந்நூல், ஒருவர் பட்டறையில் நின்று கண்ணால் பார்த்துக் கற்க வேண்டிய தொழிலை, படத்தோடும் முறையோடும் பொதுச் சொத்தாக்கியது. தொழில் ரகசியம் என்று மூடிவைத்தால்தான் பிழைப்பு நடக்கும் என்று நம்பியிருந்த ஓர் உலகத்தில் இது சாமானியமான துணிவன்று.

அந்நாளில் காக்கரலைப் போன்றோர் மனத்தை வாட்டிய பிரச்சினை ஒன்று இருந்தது; அதில் நம் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூல்நிலையங்களில் இருநூறு முந்நூறு ஆண்டு வயதுடைய தோல் கட்டடங்கள் உறுதியாக இருக்க, அண்மைக் காலத்தில் கட்டிய நூல்களின் தோல் செந்தூளாக உதிர்ந்து, தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இதன் காரணத்தை ஆராய லண்டன் கலைச் சங்கம் 1900-இல் ஒரு குழுவை நியமித்தது. காக்கரலும் அதில் இடம்பெற்றார். குழுவினர் நூல்நிலையங்களுக்கு நேரில் சென்று பல காலத்துக் கட்டடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; ரசாயன நிபுணர்கள் தோல்களைச் சோதித்தார்கள். சாயம் பளிச்சென்று பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சாயத் தொட்டியில் கந்தக அமிலம் சேர்த்தது, விளக்கெரித்த வாயுவின் புகை, பதனிடும் பட்டையின் தன்மை ஆகிய மூன்றும் கூடிச் செய்த கேடு இது என்பது தெளிவாயிற்று.

பட்டைகளில், சென்னை ராஜதானியிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்ற ஆட்டுத்தோல்களைப் பதனிட்ட பட்டையே மிகுந்த குறைக்கு உள்ளாயிற்று. அது வேறொன்றுமன்று, நம் புன்செய்க் காடுகளில் மஞ்சள் பூப்பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டைதான். திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, பின் கடுக்காய் நீரில் தோய்த்து எடுத்த தோல், செருப்புக்கும் பைக்கும் மிகச் சிறந்தது; மெல்லியது; விலையும் சகாயம். மலிவு கருதி லண்டன் கட்டடக்காரர்கள் அதை நூல்களுக்குப் போர்த்தினார்கள். புகைபடிந்த நகரக் காற்றில் அது ஓராண்டுக்குள்ளேயே நலியத் தொடங்கிய உதாரணங்களைக் குழு எடுத்துக்காட்டியது. நம் தோல் பதனிடுவோர்மேல் இதில் குற்றம் காண நியாயமில்லை. ஒரு காரியத்துக்காகச் செய்ததை மற்றொரு காரியத்துக்கு, குணம் அறியாமல் பயன்படுத்தியவர்கள்மேல்தான் அந்தப் பொறுப்பு விழுகிறது. நூல்களுக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் சுமாக் இலைகொண்டு பதனிட்ட தோலே ஏற்றது என்று குழு பரிந்துரைத்தது. பொருளின் குணமறியாத கைத்திறன் நூலைக் காப்பாற்றாது என்ற ஞானம் அன்றுமுதல் இந்தப் பரம்பரையின் இரண்டாவது நியமமாயிற்று.

மூன்றாவது நியமம் தையலைப் பற்றியது. ஒவ்வொரு மடிப்பின் உள்வயிற்றிலும் ஊசியை நுழைத்து, முதுகில் குறுக்கே கட்டியிருக்கும் கயிறுகளைச் சுற்றித் தைத்தால், நூலை எங்கே திறந்தாலும் அது கையில் தடையின்றி விரிந்து கிடக்கும். முதுகு ஓரமாகத் துளையிட்டு மேலிருந்து கீழாகக் குத்தித் தைத்தாலோ, உள் ஓரத்து எழுத்துகள் இடுக்கில் மறைந்துபோகும்; படிப்பவன் நூலை வலிந்து மலர்த்துவான்; முதுகு ஒடியும். நம் நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றில் பழைய தமிழ்ப் பதிப்புகள் இப்படிக் குத்துத் தையல் போட்டு, மூன்று ஓரங்களையும் வெட்டு இயந்திரத்தில் கொடுத்து, பழைய மேலட்டையைக் கிழித்தெறிந்து, காலிகோ போர்த்தி அடுக்கப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. பதிப்பாண்டும் விலையும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அந்த மேலட்டையில்தான் இருந்திருக்கும். ஒருகாலத்து வாசகர் பென்சிலால் எழுதிய குறிப்பு அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். கட்டுகிறவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. பசையில் மயில்துத்தம் சேர்த்துப் பூச்சியை விலக்கும் நுட்பமெல்லாம் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள். மடிப்புத் தையலுக்கு வேண்டிய நேரத்துக்குக் கூலி கொடுக்க ஆளில்லாததுதான் இந்தச் சேதத்துக்கு மூலகாரணம்.

காக்கரலின் ஆயுளில் மகுடம் வைத்தாற்போன்ற பணி அவருடைய அறுபதாம் வயதுக்குப் பின் வந்தது. கிறிஸ்துவ வேதத்தின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளுள் ஒன்றும், நான்காம் நூற்றாண்டில் தோல்தாளில் எழுதப்பட்டதுமான சினாய் ஏட்டை, 1933 டிசம்பரில் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலை சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. அங்கே வந்து சேர்ந்த 347 ஏடுகளையும் செப்பம் செய்து கட்டும் பொறுப்பு காக்கரலிடமும் அவருடைய மகன் சிட்னியிடமும் ஒப்படைக்கப்பட்டது. தோல்தாள் ஈரம் கண்டால் நெளியும், வறண்டால் சுருளும் சுபாவமுடையது. காகிதத்துக்குப் பழகிய கை அதைக் கையாண்டால் ஆபத்து. அவசரம் என்பதே அறியாதவர்களாய்த் தந்தையும் மகனும் அந்த வேலையைச் செய்து, 1935-இல் இரண்டு தொகுதிகளாக முடித்துக் கொடுத்தார்கள். அழகு காட்டும் அலங்காரத்தைத் தேடினால் அந்தக் கட்டடத்தில் ஏமாற்றமே மிஞ்சும். ஏட்டுக்கு எது நலமோ அதையே செய்து, தம் கைவண்ணத்தை அடக்கிக்கொண்ட இடத்தில், காப்டன்-சாண்டர்சனின் பொன்வேலை வைத்தியமாக மாறிவிட்டதைக் காண்கிறோம்.

அந்தக் காலத்தையொட்டியே காக்கரலின் பட்டறையில் வந்து சேர்ந்தவர் ரோஜர் பவல். இவரும் நடுவயதில் தொழில் மாறியவர்தான். முதல் உலகப் போரில் பணியாற்றிய பின் சில ஆண்டுகள் கோழிப் பண்ணை நடத்திக்கொண்டிருந்துவிட்டு, மத்திய கலைத்தொழில் பள்ளியில் கட்டடம் பயின்றார். 1947-இல் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஃப்ராக்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில் தமக்கெனப் பட்டறை அமைத்தார். கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தில் உருவாகி, அயர்லாந்தின் தேசியப் பொக்கிஷமாகப் போற்றப்படும் கெல்ஸ் ஏட்டை டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1953-இல் இவரிடம் நம்பிக் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஏட்டைக் கட்டிய ஒருவர் சித்திரங்களின் விளிம்பையும் சேர்த்து ஓரத்தை வெட்டி, பொன் முலாமும் பூசியிருந்தார். வெட்டியதை மீட்க வழியில்லை. ஒரே கனத்த தொகுதியாகத் திறந்து மூடும்போது வண்ணங்கள் உராய்வதைத் தவிர்க்க, பவல் ஏட்டை நான்கு தொகுதிகளாகப் பிரித்துக் கட்டினார். இடைக்காலத் துறவிகள் மரப்பலகையையும் கொக்கியையும் ஏன் பயன்படுத்தினார்கள், கயிற்றை ஏன் அந்த வழியாகக் கோத்தார்கள் என்பதை ஒவ்வொரு பழங்கட்டடத்தைப் பிரிக்கும்போதும் ஆராய்ந்து குறித்துவைத்தது இவருடைய தனிச்சிறப்பு. இவருடைய பட்டறையில் 1956-இல் கூட்டாளியாகச் சேர்ந்தவர் பீட்டர் வாட்டர்ஸ் என்ற இளைஞர்.

இவ்வளவு காலமும் இந்தப் பரம்பரை சில செல்வந்தர்க்கும் சில பெரிய நூல்நிலையங்களுக்கும் பயன்பட்ட சிறிய ஓடையாகவே இருந்தது. யந்திர யுகத்தில் இதற்கு என்ன அவசியம் என்று கேட்டவர்களுக்கு இயற்கையே ஒரு கொடிய விடையை அளித்தது.

1966 நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில், இடைவிடாத மழையால் பெருகிய ஆர்னோ நதி, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குள் கரை உடைத்துப் புகுந்தது. வீடுகளில் குளிர்காய்வதற்காகச் சேமித்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து, கருஞ்சேறும் எண்ணெயும் கலந்த வெள்ளம் தெருக்களில் ஓடியது. தேசிய மத்திய நூல்நிலையம் நதிக்கரையிலேயே நிற்கிறது. அதன் கீழ்த்தளங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் பத்திரிகைகளும் பிறவும் மூழ்கின. மெதிச்சி பிரபுக்களின் நூலகராக இருந்து 1714-இல் மறைந்த அந்தோனியோ மல்யபெக்கி, தம் வாழ்நாளெல்லாம் சேர்த்து நகரத்துக்கு விட்டுச்சென்ற ஏறக்குறைய 30,000 நூல்களின் தொகுதி அந்தச் சேற்றில் கிடந்தது. நூலகத் தலைவர் எமானுவேலே கசமஸ்ஸிமாவின் தலைமையில், பல தேசங்களிலிருந்து ஓடிவந்த மாணவ மாணவியர் நெடிய வரிசையாக நின்று, சேறு சொட்டும் நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று இத்தாலிய மக்கள் இன்றும் அவர்களை வாழ்த்துகிறார்கள்.

ஏற்றிய பின் என்ன செய்வது? பூஞ்சணம் பிடிப்பதற்குள் உலர்த்தியாக வேண்டும். புகையிலை உலர்த்தும் சூளைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் லாரி லாரியாக நூல்கள் சென்றன. தாள்களுக்கிடையே ஒற்றுத்தாள் செருகினார்கள், மரத்தூள் தூவினார்கள். அந்த அவசரத்தில் வேறு வழி இருக்கவில்லை. உலர்ந்து வந்த நூல்களிலோ தோல் சுருங்கி இறுகியிருந்தது. சேறு பக்கங்களுக்குள் காய்ந்து ஓடாகியிருந்தது. வழவழப்பான புதுக்காலத்துக் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டிருந்தது. கந்தலைக் கூழாக்கி, விலங்குப் பசை ஊட்டி, கையால் வார்த்தெடுத்த பதினாறாம் நூற்றாண்டுக் காகிதம் மட்டும் சேற்றைக் கழுவியதும் மீண்டும் உயிர் பெற்று நின்றது.

இந்தக் கட்டத்தில்தான் பீட்டர் வாட்டர்ஸ் ஃப்ளாரன்ஸ் வந்து சேர்ந்தார், பவலும் வந்தார், ஆன்டனி கெய்ன்ஸ், கிறிஸ்டோபர் கிளார்க்சன், டொரதி கம்ப்ஸ்டி, டான் எதரிங்டன் முதலிய பல கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். ஒரு பட்டறையில் ஒருவர் மாதக்கணக்கில் ஒரு நூலோடு வாழ்வதே இவர்கள் பயின்ற மரபு; இங்கே கண்ணெதிரே மலைபோல் குவிந்து கிடந்தவை பல்லாயிரம். மரபின் உள்ளுயிரைக் கைவிடாமல் இந்தப் பெரும் எண்ணிக்கைக்கு எப்படி ஈடுகொடுப்பது என்பதில் வாட்டர்ஸ் காட்டிய அறிவு வியக்கத் தக்கது. நூலைப் பிரித்தல், தாள் தாளாகக் கழுவுதல், உலர்த்துதல், ஒட்டுப்போடுதல், தைத்தல், கட்டுதல் என்று வேலையை அங்கங்களாக வகுத்து, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு அட்டைக் குறிப்பு எழுதி, அந்தக் குறிப்பு நூலை விட்டு ஒருகணமும் பிரியாதபடி செய்தார். பழைய கட்டடம் எப்படி இருந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பவை மொழி தெரியாதவர்க்கும் விளங்கும் குறியீடுகளால் அதில் பதிவாயின. கழுவும் சாலை ரயில் நிலையத்தின் வெந்நீர்க் கொதிகலன் கட்டடத்தில் அமைந்தது. தையலூசியே பிடித்தறியாத ஃப்ளாரன்ஸ் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்று, சில ஆண்டுகளில் தேர்ந்த கைவினைஞர்களானார்கள்.

கிழிந்த தாள்களுக்கு ஒட்டுப்போட ஜப்பானியக் கைக்காகிதம் வந்தது. கோசோ என்னும் செடியின் உட்பட்டை நாரை அடித்துப் பிரித்து, வெண்டையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் வழுவழுப்பான சாற்றைக் கலந்து, குளிர்ந்த நீரில் வார்த்தெடுக்கும் அந்தத் தாள், சிலந்தி நூல்போல் மெல்லியதாயினும் நீண்ட நார்களால் உறுதி வாய்ந்தது. கோதுமை மாவுப் பசை தடவி வைத்தால் கிழிசலைப் பற்றிக்கொண்டு எழுத்தை மறைக்காமல் நிற்கும். வேண்டாதபோது ஈரம் காட்டி எடுத்தும் விடலாம். எங்கோ ஜப்பானிய மலைக்கிராமங்களில் பனிக்காலத்து நீரில் கை விறைக்க வேலை செய்த குடும்பங்கள் அந்தத் தொழிலை விட்டுவிடாமல் இருந்ததனால், மல்யபெக்கியின் நூல்களுக்கு மருந்து கிடைத்தது.

எல்லாவற்றினும் பெரிய பாடம் ஆசான்களுக்கே காத்திருந்தது. பிரித்துக் கழுவிய நூல்களை வகைப்படுத்தியபோது, வெள்ளத்தில் மிகக் குறைவாகச் சேதமடைந்தவை எவை என்று கிளார்க்சன் கூர்ந்து நோக்கினார். கனத்த அட்டையும் முதுகில் திண்ணென்ற வச்சிரப் பசையும் கொண்ட பெருமிதமான தோல் கட்டடங்கள் ஊறிப் பிதுங்கிப் பிளந்திருந்தன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய வியாபாரிகள் மாணவர்க்கும் வழிப்போக்கர்க்கும் குறைந்த விலையில் விற்ற, அட்டையே இல்லாத, வளையும் தோல்தாள் உறை போர்த்திய நூல்களோ பெரும்பாலும் தம் உடலைக் காத்துக்கொண்டிருந்தன. அவற்றில் பசை மிகக் குறைவு. படிகாரம் ஏற்றிய தோல்வார்களின்மேல் தைத்து, வாரின் நுனிகளை உறையில் துளையிட்டுக் கோத்து விட்டிருந்தார்கள். உறையும் நூலும் ஒன்றையொன்று நெருக்காமல் பிடித்திருந்தமையால், வெள்ளத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் அவை கிழியவில்லை. எவரும் கலையென்று மதியாமல், காட்சிப் பேழையில் வைக்காமல், மலிவென்று தள்ளிய கட்டடமே நூலுக்கு மிக நல்ல கவசம் என்று தெளிந்த கிளார்க்சன், அந்த அமைப்பைப் பழம்பதிப்புகளை மீண்டும் கட்டுவதற்கு ஏற்ற முறையாக எடுத்துக்காட்டி விரிவாக எழுதினார். கசையடி பட்டுத் தேறிய அனுபவத்தால் கிடைத்த இந்த அறிவு, காப்டன்-சாண்டர்சனின் பொற்பூக்களிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது! எனினும் ஒரு நூலின் தேகம் முழுவதையும் அறிய வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம் இல்லாதிருந்தால், அந்த எளிய உறையைப் பிரித்துப் பார்த்து அதன் நியாயத்தைப் படிக்கும் கண் எவருக்கும் வாய்த்திராது.

ஃப்ளாரன்ஸில் கூடியவர்கள் அங்கிருந்து கலைந்து சென்றபோது, தொழிலும் அவர்களோடு சென்றது. வாட்டர்ஸ் 1971-இல் வாஷிங்டனுக்குப் போய், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் செப்பனிடும் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். லட்சக்கணக்கான நூல்களை ஒரே நாளில் முழுமையாகச் செப்பனிட இயலாதென்பதால், முதலில் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த பெட்டி செய்து மேலும் கெடாமல் தடுத்து, அவசியமானவற்றைப் படிப்படியாகக் கவனிக்கும் முறையை அங்கே வகுத்தார். கிளார்க்சனும் எதரிங்டனும் அவரோடு சென்றார்கள். ஃப்ளாரன்ஸில் தொழில்நுட்பப் பொறுப்பைச் சுமந்து நின்ற கெய்ன்ஸ், பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்று, பவல் கட்டிய கெல்ஸ் ஏடு இருக்கும் அதே நூல்நிலையத்தில் நூல் காப்புச் சாலை அமைத்தார். சேதமுற்ற நூல்களில் பெரும்பகுதியைத் தேசிய மத்திய நூல்நிலையம் வெள்ளம் வடிந்த பின்னரும் பல பத்தாண்டுகள் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டுக்கொண்டிருந்தது.

அவ்வேலைக்கு மருந்தாகச் சென்ற கைக்காகிதம் ஜப்பானியக் கிராமங்களில் எவ்வாறு பிறக்கிறது, அதைச் செய்யும் குடும்பங்களை அந்நாட்டு அரசு எந்தச் சட்டத்தால் ஆதரிக்கிறது என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.